நீலகிரியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க: கோப்பர்னிகஸ் பிரவுசர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியைப் படமெடுக்கும் ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் தரும் படங்களைத் தேடிப் பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் ஐரோப்பிய ஒன்றியம் தந்திருக்கும் இணையக் கருவிதான் கோப்பர்னிகஸ் பிரவுசர். பொத்தான்களை விளக்கும் உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் வேறு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கல்லூரி மாணவர்களும் தேயிலை விவசாயிகளும் சோலைக்காடு மீட்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பணம் கட்ட வேண்டுமா? பெரிய கணினி வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். படங்கள் இலவசம், எல்லாருக்கும் பொது. வெறுமனே பார்ப்பதற்குக் கணக்குகூடத் தேவையில்லை. கோப்பாக இறக்கவும் வரைபடம் போட்டு அளக்கவும் மின்னஞ்சல் கொடுத்து ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். படத்தைச் சேர்த்துக் காட்டும் வேலை முழுவதும் அவர்களுடைய சர்வரில் நடக்கிறது. அதனால் சாதாரண மடிக்கணினியே போதும். கைப்பேசியிலும் திறக்கும், ஆனால் சிறிய திரையில் எல்லை வரைவது சிரமம்.

பழைய பாடக் குறிப்பில் 'சைஹப்' என்று இருக்கிறது. அந்த முகவரி திறக்கவில்லையே?

சென்டினல் படங்களை முன்பு தந்துவந்த அந்தத் தளத்தை 2023 இறுதியில் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கிய கோப்பர்னிகஸ் டேட்டா ஸ்பேஸ்தான் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது, நம் பிரவுசர் அதன் ஒரு பகுதி. பழைய தளத்தை நம்பி எழுதிய பைத்தான் நிரல்களும் அப்படியே ஓடாது. குறிப்பைக் கொடுத்த ஆசிரியரிடம் சொல்லி முகவரியை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பும் அதிலேயே மாட்டிக்கொள்ளக் கூடாது.

என் தோட்டம் எவ்வளவு தெளிவாகத் தெரியும்?

சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஓர் ஏக்கரில் சுமார் 40 பிக்சல் இருக்கும். ஆகவே ஓர் ஏக்கர் தேயிலையின் பொதுவான நிலை தெரியும். ஒரு செடி தெரியாது, பாத்தி தெரியாது, வீட்டு முற்றமும் தெரியாது. அரை ஏக்கருக்குக் கீழே போனால் ஓரத்துப் பிக்சல்களில் பாதி பக்கத்துத் தோட்டத்துடையதாக இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

செயற்கைக்கோள் ஒளியை 13 அலைப்பட்டைகளாகப் பிரித்துப் பதிகிறது. அவற்றில் நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு மட்டும்தான் 10 மீட்டர். ஆறு பட்டைகள் 20 மீட்டர், அதாவது பிக்சலுக்குப் பத்து சென்ட். மீதி மூன்றும் 60 மீட்டர்.

கூகுள் எர்த்தில் வீட்டுக் கூரையே தெரிகிறதே என்பார்கள். அது வேறு வகைப் படம். எப்போதோ ஒரு நாள் எடுத்தது, அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டு எதிரெதிர் நிலையில் சுற்றுவதால் 5 நாளைக்கு ஒரு முறை அதே இடத்தின் படம் வருகிறது. முதலாவது 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. 2025 ஜனவரியில் முதலாவதின் இடத்துக்கு மூன்றாவது ஒன்று வந்தது. அன்றிலிருந்து வந்த படங்கள் எல்லாம் வரிசையாகச் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கருவியின் பலம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

சரி, தேடுவது எப்படி?

தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரையோ அட்சரேகை, தீர்க்கரேகையையோ கொடுங்கள். ஊட்டிக்கு 11.41, 76.70 என்று போட்டால் போதும். இடப்பக்கப் பலகையில் சென்டினல்-2 எல்-2ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள் (ஏன் என்பது கீழே). நாள்காட்டியைத் திறந்தால் படம் உள்ள நாட்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நாளைத் தொட்டதும் படம் விரியும். அதன் கீழே இயல்பு நிறம், பொய் நிறம் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் நிறமாகக் காட்டுவது), என்.டி.வி.ஐ. (பசுமையை எண்ணாகக் காட்டுவது) என்று படத்தைக் காட்டும் முறைகள் வரிசையாக இருக்கும்.

வலப்பக்கக் கருவிகளில் எல்லை வரைவது முக்கியமானது. உங்கள் ஹட்டியையோ (படுகர் ஊர்) எஸ்டேட்டையோ சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளலாம், கூகுள் எர்த்தில் வரைந்த எல்லையைக் கே.எம்.எல். கோப்பாக ஏற்றவும் செய்யலாம். அதே எல்லையை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துங்கள். எல்லை மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

எல்-1சி, எல்-2ஏ: எதை எடுப்பது?

எல்-2ஏ. காற்றுமண்டலத்தின் பாதிப்பைக் கழித்த பிறகு கிடைப்பது அது. எல்-1சியில் நீலப் புகைபோல் ஒரு மூட்டம் இருக்கும். எல்-2ஏ கிடைக்காத பழைய தேதிக்கு மட்டும் எல்-1சி போதும்.

மேகம் 10 சதவீதத்துக்குக் கீழே என்று வைத்தால் பல மாதங்களுக்கு ஒரு படமும் வருவதில்லை. என்ன செய்ய?

நீலகிரியிலிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். அந்த மேகச் சதவீதம் உங்கள் ஊருக்கானது அல்ல. சென்டினல் படங்களை ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊட்டியும் குன்னூரும் 43பிஎஃப்என் என்ற கட்டத்தில் வருகின்றன. அதே கட்டத்தில் வயநாடும் நிலம்பூரும் அட்டப்பாடியும் இருக்கின்றன. கேரளச் சரிவு முழுக்க மேகம் மூடி, ஊட்டி மேட்டில் வெயில் அடிக்கும் நாட்கள் நிறைய உண்டு. அந்த நாளின் படத்துக்கு 60 சதவீத மேகம் என்று கணக்கு எழுதியிருக்கும், நீங்கள் 10-இல் வைத்த வடிகட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும்.

அதனால் வரம்பை 80-க்கு ஏற்றுங்கள். பிறகு நாள் நாளாகக் கண்ணால் பாருங்கள். ஒரு வருடத்துக்குப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. கண்ணுக்கு இணையான வடிகட்டி எதுவும் இந்த மலைக்கு இதுவரை இல்லை என்பது என் எண்ணம். தானாகவே மேகத்தைப் பிரித்துக் காட்டும் அடுக்கு ஒன்றும் படத்தோடு வருகிறது. அது உதவும், ஆனால் மெல்லிய மூடுபனியையும் மலை நிழலையும் சில நேரம் தவறாக எடுத்துக்கொள்ளும்.

கோத்தகிரிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: உங்கள் பகுதி இரண்டு கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஓரத்தில் இருக்கிறது. 43பிஎஃப்என், 43பிஜிஎன் இரண்டிலும் தேடுங்கள். இரண்டும் அதே நாள், அதே நொடி எடுத்த படம்தான். ஆனால் மேகச் சதவீதம் கட்டத்துக்குக் கட்டம் வேறாக இருப்பதால் ஒன்றில் விடுபட்டது மற்றதில் கிடைக்கும்.

எந்த மாதப் படம் நல்லது?

எதற்காக என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கத்தை மூடிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மூடும். இரு பக்கமும் சேர்ந்து தெளிவாகக் கிடைப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான்.

ஆனால் அந்த மாதங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் விழும் உறைபனியில் புல் கருகிப் பழுப்பாகிவிடும். அதன் பின் கோடை வறட்சி. அக்டோபர் படத்தையும் பிப்ரவரி படத்தையும் பக்கத்தில் வைத்து, "நான்கே மாதத்தில் இவ்வளவு பசுமை போய்விட்டது" என்று எழுதினால் அது தவறான முடிவு. புல்வெளி ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் மாறும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமானால் பிப்ரவரியைப் பிப்ரவரியோடு வையுங்கள். முடிந்தால் அந்த ஆண்டின் மழை அளவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படம் எடுத்த நேரம் 5:20 என்று இருக்கிறது. விடியற்காலையா?

இல்லை. அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் காலை 11 மணிக்குச் சற்று முன் கடக்கிறது. விடியற்கால மூடுபனி பெரும்பாலும் அதற்குள் கலைந்திருக்கும், மதியம் மலைமேல் கூடும் மேகம் இன்னும் திரண்டிருக்காது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு துண்டு திடீரென்று வெளிறித் தெரிகிறது. மரம் வெட்டினார்களா, நோயா?

முதலில் கவாத்து நடந்ததா என்று கேளுங்கள். என்.டி.வி.ஐ. என்பது சிவப்பு ஒளியையும் அண்மை அகச்சிவப்பு ஒளியையும் இலை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பதை வைத்துப் போடும் கணக்கு. பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் அது. அடர்ந்த பச்சைக்கு 0.8 பக்கம் போகும், வெறும் மண்ணுக்கு 0.2-க்கு அருகில் இறங்கும்.

நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து வெட்டும்போது செடியில் இலையே இருக்காது, தண்டும் மண்ணும்தான் தெரியும். படத்தில் அது காடழிப்பு போலவே இருக்கும். பிரித்து அறிய வழி உண்டு. கவாத்து வெட்டிய துண்டுக்குத் தோட்டத்துப் பாத்தி எல்லைபோல நேரான ஓரம் இருக்கும். சில மாதங்களில் எண் மீண்டும் ஏறும். கருவியில் எல்லை வரைந்து, அதற்கான கால வரைபடத்தைத் திறந்தால் இந்த இறக்கமும் ஏற்றமும் அழகாகத் தெரியும். நோயோ வறட்சியோ என்றால் எல்லை ஒழுங்கற்று இருக்கும், மெதுவாகப் பரவும்.

கேத்தி பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்கு போடும் நிலங்களுக்கும் இதே கதைதான். அறுவடை முடிந்த வயல் வெறும் மண். அடுத்த போகம் முளைத்ததும் பச்சை. சிறு விவசாயியின் நிலத்தைப் பற்றி ஒரே ஒரு படத்தை வைத்து யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படம் அவருக்கு எதிரான புகாராக மாறக்கூடும்.

சோலையையும் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் பிரித்துக் காட்டுமா?

ஒரே படத்தில், ஒரே பார்வையில் முடியாது. மூன்றும் ஆண்டு முழுவதும் பச்சை. ஆனால் சில குறிப்புகள் உண்டு. சோலை பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் ஒடுங்கி, வளைந்த ஓரத்தோடு நிற்கும். நட்டு வளர்த்த தோப்புக்கு நேர்க்கோட்டு ஓரமும் ஒரே சீரான நிறமும் இருக்கும். தானாகப் பரவிய சீகை இரண்டுக்கும் நடுவே, புல்வெளிக்குள் புள்ளி புள்ளியாக ஏறும். பிடிக்கக் கடினமானது அதுதான்.

புல்லையும் மரத்தையும் பிரிப்பது எளிது. மழை முடிந்த மாதத்துப் படம் ஒன்று, பிப்ரவரிப் படம் ஒன்று எடுங்கள். இரண்டிலும் பச்சையாக இருப்பது மரம், இரண்டாவதில் பழுப்பானது பெரும்பாலும் புல். மர வகைகளைப் பிரிக்க 20 மீட்டர் பட்டைகளில் இருக்கும் சிவப்பு விளிம்புப் பட்டைகள் (சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடைப்பட்டவை) ஓரளவு உதவும். அப்படியும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் உறுதி.

இந்த வேலை வீண் அல்ல. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான லேண்ட்சாட் (அமெரிக்கச் செயற்கைக்கோள்) படங்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மரத் தோப்புகளாலும் விவசாயத்தாலும் மலைப் புல்வெளி நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதை அது காட்டியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய படங்கள்தான் அவை.

வடமேற்குச் சரிவுகள் எப்போதும் கறுப்பாக இருக்கின்றனவே?

அது நிழல். காலை 11 மணிக்கு, அதுவும் டிசம்பரில், சூரியன் தென்கிழக்கே தாழ்ந்து நிற்கும். தொட்டபெட்டா மாதிரி உயர்ந்த மேட்டின் மறுபக்கம் இருண்டுவிடும். ஏப்ரல் படம் எடுத்தால் நிழல் வெகுவாகக் குறையும். என்.டி.வி.ஐ. விகிதக் கணக்கு என்பதால் லேசான நிழலைத் தாங்கும், ஆழ்ந்த நிழலைத் தாங்காது.

அணைகளில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கலாமா?

நீர்ப்பரப்பு தெரியும், ஆழம் தெரியாது. அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா எல்லாம் படத்தில் தெளிவாக இருக்கும். நீரைப் பிரித்துக் காட்டும் என்.டி.டபிள்யூ.ஐ. முறையைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் கரையோரம் தெரியும் செம்மண் வளையம் எவ்வளவு அகலமாகிறது என்பதைப் பார்த்தாலே நிலைமை புரியும்.

நிலச்சரிவைப் பார்க்க முடியுமா?

பெரிய சரிவு தெரியும். சாலையோரம் மண் சரிவது பெரும்பாலும் ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான், அது தெரியாது. அதைவிடப் பெரிய தடை, சரிவு நடக்கும் நாட்களில் வானம் மூடியிருப்பது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது போன்ற வாரத்தில் ஒளிப்படத்தில் மேகத்தைத் தவிர எதுவும் இருக்காது. மேகம் விலகிய பின் கிடைக்கும் முதல் படத்தையும் மழைக்கு முந்தைய கடைசித் தெளிந்த படத்தையும் கருவியின் ஒப்பீட்டு வசதியில் வைத்துப் பாருங்கள். புதிய தழும்புகள் பச்சைக்குள் செந்நிறக் கீறலாகத் தெரியும்.

சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தையும் இரவையும் ஊடுருவும். ஆனால் மலையில் அதைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும். ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால் அதை நோக்கியிருக்கும் மலைச்சரிவு சுருங்கி மின்னும், மறுபக்கம் வெறும் இருட்டாக விழும். புதிதாகத் தொடங்குபவர் அந்த மின்னும் இடத்தை நிலச்சரிவு என்று நினைத்துவிடக்கூடாது.

குன்னூர், கேத்தி பக்கம் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2009 நவம்பர் சரிவுகளைப் பலர் இதில் தேடுகிறார்கள். சென்டினல் அப்போது இல்லை. அதற்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களுக்குப் போக வேண்டும். எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் இலவசம், தடம் 144, வரிசை 52 என்று தேடுங்கள். பிக்சல் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். லேண்ட்சாட்-7 படங்களில் 2003-க்குப் பின் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும், கருவி பழுதானதால் வந்தது. லேண்ட்சாட்-5 எடுத்தவற்றில் அந்தக் குறை இல்லை.

காட்டுத்தீ?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குறு அலை அகச்சிவப்பு முறையில் பாருங்கள். எரிந்த இடம் கருஞ்சிவப்பாக நிற்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் எரிந்த பரப்பு இதில் நன்றாகத் தெரிகிறது. பழகிக்கொள்ள அது நல்ல பாடம். முதுமலைப் பக்கம் ஒரு எச்சரிக்கை: கோடைக்கு முன் வனத்துறை தீத்தடுப்புக் கோடுகளைத் தானே எரித்து வைக்கும். சாலையை ஒட்டி நீளமாக, ஒரே அகலத்தில் கறுப்பாக இருந்தால் அது அதுவாக இருக்கலாம். விசாரிக்காமல் 'தீ' என்று பரப்பாதீர்கள். அன்றன்றைய எச்சரிக்கைக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் தளம்தான் சரி. 5 நாளைக்கு ஒரு முறை வரும் படம் அதற்கு உதவாது.

முழுப் படத்தையும் இறக்கப் போனால் இணைப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

முழுக் கட்டம் என்றால் ஒரு ஜிபி அளவுக்கு வரும். மலையில் சிக்னல் இருக்கும் நிலையில் அது தேவையில்லாத பாரம். எல்லை வரைந்து, வேண்டிய பட்டைகளை மட்டும் டிஃப் கோப்பாக இறக்குங்கள். ஒரு கிராமத்துக்குச் சில எம்பிதான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறக்கும்போது ஆயமுறை (சி.ஆர்.எஸ்.) 32643 என்று இருக்க வேண்டும். நீலகிரி, பழனி மலை இரண்டுக்கும் அதுவே.

2021 படத்துக்கும் 2023 படத்துக்கும் நானே என்.டி.வி.ஐ. போட்டேன். காடு முழுவதும் குறைந்துவிட்டதே!

காடு குறையவில்லை. 2022 ஜனவரி 25 முதல் கோப்பில் உள்ள எண்களோடு 1000 கூட்டி எழுதுகிறார்கள். அதைக் கழித்துவிட்டு 10,000-ஆல் வகுக்க வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும்? அகச்சிவப்பு 4000, சிவப்பு 400 உள்ள இடத்துக்குச் சரியான விடை 0.82. அதே இடம் புதிய கோப்பில் 5000, 1400 என்று இருக்கும், அப்படியே போட்டால் 0.56 வரும். கோப்புப் பெயரில் 'என்' எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கம் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். மறுபடி பதப்படுத்திய பழைய படங்களிலும் இது உண்டு. அதனால் தேதியை நம்பாமல் இந்த எண்ணைப் பாருங்கள். பிரவுசரே காட்டும் என்.டி.வி.ஐ.யில் இதை அவர்களே சரி செய்துவிடுகிறார்கள்.

பட்டா எல்லைத் தகராறுக்கு இதைக் காட்டலாமா?

கூடாது. 10 மீட்டர் பிக்சலில் எல்லைக்கல் தெரியாது. பழைய படங்களில் ஒன்றிரண்டு பிக்சல் நகர்வும் இருக்கலாம். சர்வேயர் அளப்பதுதான் செல்லும்.

கொடைக்கானலுக்கு எந்தக் கட்டம்?

43பிஜிஎம்.

இந்தியாவின் படங்கள் கிடையாதா?

உண்டு. தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் பதிவு செய்துகொண்டால் ரிசோர்ஸ்சாட் படங்களை எடுக்கலாம். அதில் லிஸ்-3 கருவிக்கு 24 மீட்டர், லிஸ்-4 கருவிக்கு 5.8 மீட்டர். சிறிய தோட்டங்களுக்கு லிஸ்-4 சென்டினலைவிடக் கூர்மை. ஆனால் அடிக்கடி கிடைக்காது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

படத்தில் பார்த்ததைக் காட்டுக்குள் போய்ச் சரிபார்க்கலாமா?

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் முதுமலைக்குள்ளும் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது. சாலையிலிருந்தே தெரியும் இடங்களை முதலில் முடியுங்கள். பக்கத்து மந்திலோ (தோடர் ஊர்) ஹட்டியிலோ வயதானவர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். எந்தச் சரிவில் எப்போது கற்பூரம் நட்டார்கள் என்று அவர்கள் சொல்வது வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. அவர்கள் சொன்னதை எழுதும்போது, சொன்னது அவர்கள்தான் என்பதையும் எழுதுங்கள்.

கட்டுரையிலோ சுவரொட்டியிலோ படத்தைப் போடலாமா?

தாராளமாக. 'மாற்றம் செய்யப்பட்ட கோப்பர்னிகஸ் சென்டினல் தரவு' என்று ஆண்டோடு ஒரு வரி கீழே போட வேண்டும். படம் எடுத்த நாளையும் எந்த முறையில் காட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அதைப் பார்ப்பவர் தானே போய் அதே படத்தைத் திறந்து பார்க்க முடியும்.